துரைக்குப் பிற்பாட்டுப் பாடியவன்

வெள்ளைக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று நான் நம்பியிருந்தேன். ஒரு மாரிகாலம் முழுவதும் நம்பினேன். அவர்கள் கப்பலேறி வந்து நாட்டைப் பிடித்ததும், அரசாங்கக் கச்சேரியில் எங்களை வரிசையில் நிற்க வைத்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் நம்பினேன். ஏனென்றால் அவர்கள் கெஞ்சியதை நான் என் காதாலே கேட்டேன்.

புளியந்தீவிலிருந்து பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குப் போகிற வழியில், வாவியைப் பார்த்தபடி ஒரு சின்ன வாடிவீடு இருந்தது. வீதிகளையும் பாலங்களையும் கவனிக்கிற துரைமார் சுற்றுக்கு வரும்போது தங்குவதற்காகக் கட்டியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அதற்குக் காப்பாளனாக என்னை வைத்தார்கள். அதற்கு முன் வவுணதீவுப் பக்கம் மாமனாருடைய வயலில் நின்றேன். நின்றேன் என்பதுதான் சரி. உழுததும் விதைத்ததும் வேறு ஆட்கள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷ் கொஞ்சம் கையிலிருந்தது. அது மழையைப் பற்றியும் மாமன்னரைப் பற்றியும் சொல்லத் தெரிந்த இங்கிலீஷ். குளிக்கச் சுடுதண்ணீர் கேட்கிற இங்கிலீஷ் அதில் இல்லை.

முதலாவதாக வந்து தங்கிய துரை, விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "குட் யூ பொஸிப்ளி ஹீற் அப் ஸம் வோட்டர்?" என்றார். நான் அதை மனதுக்குள் தமிழாக்கினேன். உன்னால் ஒருவேளை கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்க முடியக்கூடுமா? எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. எங்கள் வட்டையில், அதாவது ஊர் வயல்கள் எல்லாம் சேர்ந்த அந்தப் பரப்பில், தண்ணீருக்குப் பொறுப்பான விதானை வரம்பிலே நின்று "மடையத் திறடா" என்று ஒரு சத்தம் வைத்தால் வாவிக்கு அப்பால் நிற்கிற கொக்கும் எழும்பும். இந்த மனிதர் ஒரு கேத்தில் சுடுதண்ணீருக்கு இப்படி நடுங்குகிறாரே என்று நினைத்தேன். "டோண்ட் ஃபியர், சேர். ஐ கான்" என்று ஆறுதல் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். முடியுமா என்று கேட்டார், முடியும் என்று சொல்லியாயிற்று. இனி என்ன?

அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன், பாவம் அந்த மனிதர், சுடுதண்ணீர் கேட்கவே பயப்படுகிறார் என்று. அவள் தேங்காய் துருவியபடி கேட்டாள்: "அவருக்குத்தான் பயமெண்டா, அவரக் கண்ட உடன நீங்க என்னத்துக்கு எழும்பி நிக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை நான் மரியாதையாக ஒதுக்கி வைத்தேன்.

என் நம்பிக்கை உடைந்தது ஒரு கோழி எலும்பால். வேறொரு துரை சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "யூ மைற் க்ளியர் அவே" என்றார். மைற் என்றால் ஒருவேளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆக, நீ ஒருவேளை இவற்றை எடுத்துவைக்கவும் கூடும் என்கிறார். என்னுடைய எதிர்காலத்தைப் பற்றிய ஒரு யோசனையாக அது எனக்குப் பட்டது. நானும் தலையாட்டி, எடுக்கவும் கூடும் சேர், எடுக்காமலிருக்கவும் கூடும் என்கிற முகத்தோடு சுவரோரம் நின்றேன். அவர் இன்னொரு தரம் சொன்னார். நானும் இன்னொரு தரம் தலையாட்டினேன். யன்னலால் ஒரு காகம் வந்து பீங்கானிலிருந்து எலும்பைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் தரம் அவர் அதே நான்கு சொல்லைத்தான் சொன்னார், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் கழுத்து நரம்பு கயிறுபோல எழும்பி நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த 'மைற்' எங்கள் விதானையின் 'அடேய்'தான். சலவை செய்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நாங்கள் தமிழில் எல்லாவற்றையும் வினையின் வாலில்தான் கட்டுவோம். செய்துபோட்டு வந்திடு என்றால் அந்தப் 'போட்டு'ம் 'இடு'வும் பின்னால்தான் தொங்கும். இங்கிலீஷ்காரன் தலையிலும் கட்டுகிறான், வாலிலும் கட்டுகிறான். தலையில் குட், வுட், மைற். வாலில் அப், அவுட், ஓஃப். நடுவில் கெற், புற், டேக் என்று ஒரு சொங்கிச் சொல், தனியாக நின்றால் ஒன்றுக்கும் உதவாது. முன்னால் ஒரு கும்பிடு, பின்னால் ஒரு உதை, இடையில் வேலை உன்னுடையது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் துரைமார்மேல் இருந்த இரக்கம் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது. நான் எதையும் அளவோடு வைத்திருக்கத் தெரியாதவன்.

என்னிடம் இன்னொரு வியாதியும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் ஊர்க் கூத்தில் நான் பிற்பாட்டுக்காரன். அரசன் வேடத்துக்குத்தான் ஆசைப்பட்டுப் போனேன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என் கால்களை ஒரு முறை பார்த்தார். பார்த்துவிட்டுக் குரல் நல்லாயிருக்கு என்று சொல்லி மத்தளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கூத்து நடக்கிற களரியில் அரசன் ஆடிக்கொண்டு பாடுவான். அவன் பாடிய கடைசி அடியைப் பிடித்து நாங்கள் திருப்பிப் பாடுவோம். அவன் மூச்சு வாங்குவது அந்த இடைவெளியில்தான். தலையை வெட்டுவேன் என்று அரசன் பாடினால் நாங்களும் வெட்டுவேன் என்போம். வெட்ட விடமாட்டேன் என்று எதிரி பாடினால் அதையும் அதே பக்தியோடு பாடுவோம். நீ யார் பக்கம் என்ற கேள்வி பிற்பாட்டுக்காரனுக்குக் கிடையாது.

இந்தப் பழக்கம் என்னோடு வாடிவீட்டுக்கும் வந்துவிட்டது. துரை எதைச் சொன்னாலும் வசனத்தின் கடைசித் துண்டைப் பிடித்து நான் திருப்பிச் சொல்லுவேன். ஐந்து மணிக்கு எழுப்பிவிடு என்பார் அவர். "அப் அற் ஃபைவ், சேர்" என்பேன். விளக்கை அணைத்துவிடலாம் என்பார். "புற் அவுட் த லாம்ப், சேர்" என்பேன். கவனமான ஆள் என்று துரைமாருக்கு என்னை நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. எனக்கும் அதனால் ஒரு நன்மை இருந்தது. புற் அவுட் என்றால் அணைப்பது, புற் ஓஃப் என்றால் பிறகுக்குத் தள்ளுவது, புற் அப் வித் என்றால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. வாலைத் தவறவிட்டால் ஆளே போய்விடும். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது தகிட தகதிமி என்று தாளம் போட்டு இந்த வால்களை மனப்பாடம் பண்ணினேன். துலாவும் என்னோடு சேர்ந்து ஆடியது.

குசினியில் சமைத்தவர் காத்தான்குடி ஆள். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன், அவர்கள் பேச்சில் அது அண்ணன். அவர் என்னை மச்சான் என்பார். அண்ணன் எப்படி மைத்துனன் ஆனார் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் வைக்கிற வாவி நண்டுக் கறிக்காகத் திருகோணமலைக்குப் போக வேண்டியவர்கள்கூட வழியை மாற்றிக்கொண்டு வந்து தங்கியிருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர் மூத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் கிடையாது. சுவர் எழும்பி நின்றது. கூரை இந்தச் சம்பளத்தில்தான் ஏற வேண்டும்.

வேலைக்கு வந்த அன்றே காக்கா என்னிடம் ஒன்றைச் சொல்லி வைத்தார். "மச்சான், இத இப்பயே சொல்லிர்றன், புறகு கதை வரப்படாது. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போவன். பன்னிரண்டுக்குக் குசினியப் பூட்டினா ரெண்டுக்குப் புறகுதான் திறப்பன். சரியெண்டாச் சரி." நான் சரி என்றேன். வெள்ளிக்கிழமை மதியத்தில் யாரும் வருவதில்லை, வருகிறவர்கள் பொழுது சாயத்தான் வருவார்கள். இல்லாத விருந்தாளியைப் பற்றி வாக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன கஷ்டம்?

அப்போது மாறி வந்தார் புதிய துரை. வீதி வேலைக்குப் பொறுப்பு அவர்தான், வாடிவீட்டு ஆட்களை வைப்பதும் நிற்பாட்டுவதும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு, முன்னறிவித்தல் ஒன்றும் இல்லாமல், காரில் வந்து இறங்கினார். ஒரு மணிக்குச் சாப்பாடு வேண்டும் என்று அழகாக, ஒரு வுட் வைத்துக் கேட்டார். காக்கா சைக்கிளில் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. நான் வாழைப்பழம் கொண்டுபோய் வைத்தேன். பிறகு பிஸ்கற் வைத்தேன். பிறகு வாவியில் நல்ல காற்று வருகிறது என்று சொல்லி யன்னலைத் திறந்து வைத்தேன். பசித்த மனிதனுக்குக் காற்றைக் காட்டியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சமையல்காரன் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சாப்பாட்டை முன்னாலேயே செய்து வைத்துச் சூடாக்கித் தரலாம், அது பெரிய காரியமல்ல, ஆனால் வேலை நேரத்தில் ஒரு ஆள் தான் நினைத்தபடி எழும்பிப் போகக் கூடாது என்று ஆறுதலாக எனக்கு விளக்கினார். கடைசியில், பிஸ்கற் தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "யூ வில் ஹாவ் டு கெற் ரிட் ஒஃப் ஹிம்." அந்த ஆளை நீ தொலைத்துவிட வேண்டியிருக்கும்.

நான் என்ன செய்தேன்? அரசன் பாடி முடித்தான், மத்தளம் காதுக்குள் அடித்தது. "கெற் ரிட் ஒஃப் ஹிம், சேர்" என்றேன். நல்ல சுருதியில் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி காக்கா நிற்கிறார். தொப்பி இன்னும் தலையில் இருந்தது. முன்பு மலையகத்தில் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் சமைத்தவர் அவர், இந்த வால்களெல்லாம் அவருக்கு என்னைவிட நல்லாய்த் தெரியும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நண்டுக் கறி மேசைக்கு வந்தது. துரை முதலில் கரண்டியால் தொடங்கினார், பிறகு கையால் நண்டின் ஓட்டை உடைத்தார், பிறகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் தரம் பரிமாறும்போது, மனிதர் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். எடுக்கவில்லை. அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமைதான் வருவேன், மதியத்துக்கே வருவேன், அதற்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

குசினிக்குள் போனேன். காக்கா தன் கத்திகளைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கத்திகள் அவருடைய சொந்தக் கத்திகள்.

"நீங்களும் ஓமெண்டிட்டீங்களே, மச்சான்."

"ஓமெண்டு எங்க காக்கா சொன்னன்? அது பிற்பாட்டு. வாய்ப்பழக்கம்."

"பிற்பாட்டாப் படிச்சாலும் படிச்சதுதானே." கத்திச் சுற்றை அவர் முடிச்சுப் போட்டார். "நான் வந்த முதல் நாள் சொன்னதுக்கும் சரியெண்டீங்க. இவர் சொன்னதுக்கும் சரியெண்டீங்க. நான் இப்ப எந்தச் சரிய எடுக்கிற?"

அவர் கோபத்தோடு கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். சந்தையில் மீன்காரனிடம் எது இன்றைக்குப் பிடித்தது, எது நேற்றையது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். நான் முதல் சரியைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். சரி, அதைத் துரையிடம் சொல்லுங்கள் என்றார். கத்திகளை அவிழ்த்து மறுபடியும் தட்டில் வைக்கவில்லை. சுற்றியபடியே மூலையில் வைத்துக்கொண்டு, சமைக்கும்போது எடுத்து, முடிந்ததும் திரும்பவும் சுற்றி வைத்தார். ஒரு மாதம் நான் அந்தத் துணிமூட்டையைப் பார்த்துக்கொண்டே குசினிக்குப் போய் வந்தேன்.

அந்த ஒரு மாதத்தில் துரையிடம் சொல்வதற்கு நான் ஒரு வசனம் கட்டினேன். அவருடைய ஆயுதத்தாலேயே அவரை அடிப்பது என்று முடிவு. தலையில் இரண்டு கும்பிடு, வாலில் இரண்டு உதை. தங்களால் பொறுத்துக்கொள்ள முடியுமாயின், நான் அவரை அனுப்பாமல் விடுவதையே விரும்பக்கூடும், இந்த விடயத்தைச் சற்றுத் தள்ளிப்போடலாமா என்கிற மாதிரி. இங்கிலீஷில் அது இன்னும் நீளம். வுட் ராதர் இருந்தது, குட் புற் அப் வித் இருந்தது, மைற் புற் ஓஃப் இருந்தது. மூச்சு நடுவில் முடிந்துபோகிறபடியால் எங்கே மூச்செடுப்பது என்று தாளம் குறித்துக்கொண்டேன். கிணற்றடியில் சொன்னேன், தோணியில் சொன்னேன், பிள்ளையாருக்கு முன்னால் நின்றும் சொன்னேன். பிள்ளையார் இங்கிலீஷுக்குப் புதிது என்பதால் கடைசியில் தமிழிலும் ஒரு தரம் விளக்கினேன்.

ஒருநாள் துலாவடியில் நான் இதைப் பாடமாக்கிக்கொண்டிருக்க, மனைவி குடத்தோடு வந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

"என்ன சொல்லப் போறீங்க அவரிட்ட?"

நான் தமிழில் சொன்னேன். முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அவர அனுப்ப ஏலாது. இதானே கதை?"

"ஓம்."

"அப்ப ஏலாதெண்டு சொல்லுங்க. அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

இங்கிலீஷில் அப்படியெல்லாம் சொல்ல முடியாது, அது மரியாதைக் குறைவு என்றேன். மனிதனை வேலையால் நிற்பாட்டுவது மட்டும் மரியாதையோ என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த வாளியை வாங்கித் தானே அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்றும் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். துரை வருகிற அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிக்குப் போகாமல் இருக்க ஏலுமா என்று காக்காவிடம் கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கேட்டதுக்கு உங்களோட கோவமில்ல, மச்சான். போவன்" என்றார். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று கேட்டால் வெங்காயம் என்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காக்கா விடியலிலேயே எல்லாம் சமைத்து மூடி வைத்தார். எதை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்று எனக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டு, பன்னிரண்டுக்குக் குளித்து வெள்ளைச் சாறன் உடுத்துச் சைக்கிளில் ஏறினார். கத்தி மூட்டை மூலையில் கிடந்தது. துரை சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார். ஒரு மணிக்கு நான் சாப்பாட்டை வைத்தேன். நெருப்புக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. சோற்றில் ஒரு பக்கம் பிடித்திருந்தது, நண்டுக் கறி அடியில் கருகி மேலே குளிர்ந்திருந்தது. துரை ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

குசினிப் பக்கம் பார்த்தார். புது ஆளா என்று கேட்டார். நான்தான் சூடாக்கினேன் என்றேன். பழைய ஆள் எங்கே? பள்ளிக்குப் போயிருக்கிறார். அப்படியென்றால் அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறானா?

"ஐ தோற் யூ வேர் கோயிங் டு கெற் ரிட் ஒஃப் ஹிம்" என்றார். நீ அவனை அனுப்பிவிடப் போகிறாய் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பிற்பாட்டுக்கு இதைவிட நல்ல அடி ஒரு களரியிலும் கிடைத்திருக்காது. ஒஃப் ஹிம் என்று அவர் இறக்கி வைத்த இடம் அப்படியே திருப்பிப் பாடச் சொல்லிக் கூப்பிட்டது. என் வலது கால் தன்பாட்டில் சிமெந்துத் தரையில் தட்டத் தொடங்கியது. நான் நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். அந்த நீளமான வசனத்தைத் தேடினேன். வுட் வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய ஒன்றும் வரவில்லை. திரும்பவும் வுட் வந்தது. துரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காக்காவுடைய மகளின் வீடு நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நல்லாயிருக்கும். உண்மையில் நினைவுக்கு வந்தது என் மனைவி வாளியை வாங்கிக்கொண்டு போன விதம்.

"ஏலாது, சேர்" என்றேன்.

அவர் எங்கள் நாட்டில் பல வருடம் இருந்தவர். வேலைக்காரர் வாயால் அடிக்கடி வருகிற இந்தச் சொல் அவருக்குத் தெரியும். ஆனாலும் சந்தேகம் வைத்துக்கொள்ள விரும்பாத மனிதர்.

"கான்ற்? ஓர் வோண்ட்?" என்றார். முடியாதா, இல்லை, மாட்டாயா?

அவர் வாயிலிருந்து தலையில் கும்பிடும் வாலில் உதையும் இல்லாமல் வந்த கேள்வி அது. அவ்வளவு நாளும் நான் இங்கிலீஷில் தேடித் திரிந்த கதவு அதுதான் போல. அவரே திறந்துவிட்டார்.

"வோண்ட், சேர்" என்றேன். மாட்டேன்.

கால் தட்டுவதை நிறுத்திவிட்டது. வாவியில் ஒரு தோணிக்காரன் துடுப்பை இழுக்கும் சத்தம் நல்லாய்க் கேட்டது. அவர் வேலைக்கு வந்த அன்றே வெள்ளிக்கிழமைக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சம்மதம் தங்களுக்கு முந்தியது, ஆகவே தங்களுக்குச் சொன்னதுதான் பிழை என்று மிச்சத்தையும் சொன்னேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இலக்கணம் அந்த நேரம் வாவிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் துரை தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார்.

கேட்டு முடித்துவிட்டு, கோபமே இல்லாமல், அவருடைய பழைய மரியாதையெல்லாம் திரும்பி வந்து, "இன் தற் கேஸ் யூ மே க்ளியர் அவுட் யோர்செல்ஃப்" என்றார். அப்படியானால் நீயே வெளியேறலாம்.

நாக்கைப் பிடித்திருந்த பல் எப்போதோ விட்டுவிட்டது. "க்ளியர் அவுட் மைசெல்ஃப், சேர்" என்று என் வாய் திருப்பிச் சொன்னது. நல்ல சுருதி. என்னை வேலையால் நிற்பாட்டிய பாட்டுக்கும் நானே பிற்பாட்டு.

குசினிக்குள் வந்து வாங்குப் பலகையில் குந்தினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இரண்டு மணிக்குச் சைக்கிள் சத்தம் கேட்டது. காக்கா உள்ளே வந்தார், கருகின சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நேரே மூலைக்குப் போய்க் கத்தி மூட்டையைத் தூக்கினார்.

"நீங்க போனா நான் என்னத்துக்கு இஞ்ச?"

"வைங்க காக்கா கீழ. நான் வேலைய விட்டது உங்கட வேலைக்காக. அதையும் நீங்க விட்டா நான் என்னத்துக்கு விட்டன்? வீட்ட போய்ப் பொஞ்சாதிக்கு என்ன சொல்லுற?"

அவர் மூட்டையைப் பலகையில் வைத்தார். பிறகு அதை அவிழ்த்தார். கூடையில் இன்னும் நாலு நண்டு உயிரோடு கிடந்தது. அடுப்பில் விறகைத் தள்ளி, புதுச் சட்டி வைத்தார். "இருங்க. சோறு திண்டிட்டுப் போங்க" என்றார். சொன்ன குரல் கொஞ்சம் கரகரத்தது. புகை என்று வைத்துக்கொள்வோம், வெங்காயத்தை நான் முன்னாலேயே எடுத்துக்கொண்டேன்.

கறி கொதிக்கிற வாசம் விறாந்தைக்குப் போயிருக்க வேண்டும். துரை எழும்பிக் குசினி வாசலுக்கே வந்தார். அதுவரை ஒரு துரையும் வராத வாசல். என்னை அவர் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார். காக்காவிடம், "குட் யூ..." என்று தொடங்கினார். பிறகு நிறுத்தி, எச்சில் விழுங்கினார். அது கும்பிடா, கும்பிடுக்குப் பின்னால் உதை இருக்கிறதா என்று நான் இருந்து பார்க்கவில்லை. என் பங்கை வாழையிலையில் கட்டிக்கொண்டு பின்வாசலால் நடந்தேன்.

இதை ஊரில் பல விதமாகச் சொல்லுகிறார்கள். சாவிக்கொத்தைத் துரையின் முகத்தில் எறிந்தேன் என்று ஒரு கதை. வாவியில் எறிந்தேன் என்று இன்னொரு கதை. துரை என் காலில் விழுந்தார் என்றும் ஒரு கதை, அதைத் தொடக்கிவிட்டது நான்தான். தேத்தண்ணிக் கடையில் நான் சொல்லுகிற மாதிரிக்கு அந்த 'வோண்ட்' இப்போது பாலத்துக்கு அப்பாலும் கேட்கும்.

நடந்தது இது. சாவிக்கொத்தை மேசையில், கருகின சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாத முடிவில் என்னை நிற்பாட்டியதாகக் கடிதமும் வந்தது. காக்காவை நிற்பாட்டவில்லை. மகளின் வீட்டுக்குக் கூரை ஏறியது. அதன் பிறகு அந்த வாடிவீட்டில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. துரையும் அந்த நேரத்துக்குத்தான் வந்தார்.